கல்லீரல் சுருக்கம் உள்ள அப்பாவுக்கு மலத்தில் ரத்தம். எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியவில்லை. வேறு எங்கே தேட வேண்டும்?

கேள்வி: தண்டையார்பேட்டை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. கல்லீரலில் கொழுப்பு படிந்து, அதுவே நாளடைவில் கல்லீரல் சுருக்கமாக, அதாவது சிரோசிஸாக, மாறிவிட்டது என்று 2021ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். அப்பாவுக்குக் குடிப்பழக்கம் என்றுமே இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லீரல் என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்களிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் அப்பா தலைகுனிந்து பதில் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

2022இல் ஒரு முறை ரத்த வாந்தி எடுத்தார். உணவுக்குழாயில் சிரைகள் புடைத்திருப்பதாகச் சொல்லி மூன்று தவணைகளில் பேண்டு (சிரையை இறுக்கிக் கட்டும் ரப்பர் வளையம்) போட்டார்கள். அதன் பிறகு சிரைகளின் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எந்தத் தொல்லையும் இல்லை.

கடந்த ஆடி மாதத்திலிருந்து மலம் கழிக்கும்போது சிவப்பாக ரத்தம் சொட்டத் தொடங்கியது. வலி இல்லை. எங்கள் தெருவுக்கு அருகில் உள்ள சிகிச்சையகத்தில் காட்டியபோது, மூலம்தான் என்று சொல்லி, களிம்பும் மலச்சிக்கலுக்கு மருந்தும் கொடுத்தார்கள். கல்லீரல் நோய் இருப்பதை நான் சொன்னேன். ஆனால் அதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக யாரும் கருதவில்லை. உறவினர் ஒருவர், அறுவை இல்லாமல் மூலம், பவுத்திரம் குணமாக்கப்படும் என்று சுவரெழுத்து விளம்பரம் செய்திருக்கும் ஓரிடத்தில் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார். அப்பாவும் ஏறத்தாழச் சம்மதித்துவிட்டார்.

அதற்குள் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போனவர் அங்கேயே மயங்கி விழுந்தார். கதவைத் திறந்து பார்த்தபோது தரை முழுவதும் ரத்தம். 108 ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம். ஹீமோகுளோபின் 5.9 இருந்தது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாக எண்டோஸ்கோபி செய்ததில், உணவுக்குழாயில் பழைய பேண்டுத் தழும்புகள் மட்டுமே இருக்கின்றன, இரைப்பையில் லேசான வீக்கம் தெரிகிறது, ரத்தம் வரும் இடம் எதுவும் தென்படவில்லை என்று சொன்னார்கள். அடுத்ததாகக் கொலோனோஸ்கோபியும் (ஆசனவாய் வழியாகக் கேமரா செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) சிடி ஸ்கேனும் எடுக்கப் போகிறார்கள்.

உணவுக்குழாயில் இல்லையென்றால் வேறு எங்கிருந்து இவ்வளவு ரத்தம் வரும்? மூலமாகவே இருந்தால், அறுவை செய்து முடித்துவிடலாமா? ஹீமோகுளோபின் இப்போது 7.6 தான் இருக்கிறது. இன்னும் ரத்தம் ஏற்றுங்கள் என்று நாங்கள் கேட்டும் தேவையில்லை என்கிறார்கள். இது சரியா? தெரிந்தவர்கள் விளக்கினால், நாளை வார்டில் மருத்துவர் வரும்போது எதைக் கேட்பது என்றாவது எனக்குப் புரியும்.

பதில் 1: குடல்நோய் மருத்துவர், வடசென்னை

அம்மா, உங்கள் தந்தையை நேரில் பார்க்காமல் நோயை உறுதிப்படுத்த என்னால் இயலாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரலாற்றைப் படிக்கும் எந்தக் குடல்நோய் மருத்துவருக்கும் முதலில் தோன்றக்கூடிய ஐயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

உணவுக்குழாயில் மட்டும்தான் சிரை புடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை என்ற ஒரே பெருங்குழாயில் சேர்ந்து கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிக் கடினமாகும்போது அந்த ரத்தத்தால் உள்ளே எளிதாகப் போக முடிவதில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கொசஸ்தலையாற்று வெள்ளம் கடலுக்குப் போக வழியின்றிப் பின்வாங்கி, தாழ்வான குடியிருப்புகளில் எங்கெல்லாம் பள்ளம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் புகுவதை நம் பகுதி மக்கள் பார்த்திருக்கிறார்கள். உடலிலும் அதுவே நடக்கிறது. போர்ட்டல் ரத்தவோட்டமும் உடலின் பொதுச் சிரை ஓட்டமும் இயல்பாகவே கைகோத்துக்கொள்ளும் சில இடங்கள் உண்டு. பின்வாங்கிய ரத்தம் அந்த இடங்களைத் தேடிப்போய், அங்குள்ள மெல்லிய சிரைகளைப் புடைக்கச் செய்கிறது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி அவற்றுள் ஒன்று. மலக்குடல் இன்னொன்று. தொப்புளைச் சுற்றிய பகுதியும், வயிற்றின் பின்சுவரும், முன்பு வயிற்றில் அறுவை நடந்து குடல் சுவரோடு ஒட்டிக்கொண்ட இடங்களும், மலம் வெளியேற வயிற்றில் துளை வைத்திருப்பவர்களுக்கு அந்தத் துளையின் விளிம்பும் இந்தப் பட்டியலில் சேரும். முன்சிறுகுடலிலும் இத்தகைய சிரைகள் புடைப்பதுண்டு.

உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றைத் தவிர்த்து வேறிடத்தில் புடைக்கும் இவற்றை இடம் மாறிய வேரிசஸ் என்று சொல்லலாம். புடைத்த சிரைகளிலிருந்து வரும் ரத்தக்கசிவுகளில் 100க்கு 1 முதல் 5 வரையே இவற்றால் ஏற்படுகின்றன. அரிது என்பதால்தான் தவறவிடப்படுகின்றன. உடைந்தாலோ, ஆறு அல்லது ஏழு யூனிட் ரத்தம் ஏற்றியும் நிற்காத அளவுக்குப் பெருகுவதும் உண்டு.

உங்கள் தந்தைக்கு மலக்குடல் சிரைகளே முதல் ஐயமாக இருக்க வேண்டும். மூலம் என்பது ஆசனவாயில் இயல்பாகவே இருக்கும் ரத்தநாள மெத்தைகள் பெருத்துச் சரிவது. போர்ட்டல் அழுத்தத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. கல்லீரல் நோய் இல்லாத பல லட்சம் பேருக்கும் அது வருகிறது. மலக்குடல் வேரிசஸ் என்பது வேறு. அது ஆசனவாயிலிருந்து மேல்நோக்கி மலக்குடலுக்குள் நீண்டு செல்லும், நீலம் பாய்ந்த, வளைந்து நெளிந்த சிரை. விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டவுடன் மீண்டும் நிரம்பும். ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து இருப்பதும் சாத்தியம். அதனால் கண்ணால் பார்த்து மூலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கருவி உள்ளே செலுத்திப் பார்க்கத்தான் வேண்டும்.

சுவரெழுத்து விளம்பரத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குப் பதற்றமாக இருந்தது. போர்ட்டல் அழுத்தம் தாங்கி நிற்கும் ஒரு சிரையை மூலம் என்று கருதி ஊசி குத்துவதும், நூல் கட்டுவதும், அறுப்பதும் உயிரைப் பறித்துவிடக்கூடும். தயவுசெய்து அந்த யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். அந்த உறவினரிடமும் அன்பாக, ஆனால் உறுதியாக, காரணத்தைச் சொல்லிவிடுங்கள். மூலமே என்று பின்னர் உறுதியானாலும், கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு அறுவை என்பது கல்லீரல் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கும் முடிவு அல்ல.

உணவுக்குழாய்ச் சிரைகளைப் பேண்டு போட்டு அடைத்த பிறகு மலக்குடல் சிரைகள் பெருப்பதைச் சில நோயாளிகளிடம் காண்கிறோம். ஒரு வாசலை மூடினால் தண்ணீர் இன்னொரு வாசலைத் தேடுகிறது. இது முன்பு பேண்டு போட்டவர்கள் செய்த தவறு அல்ல. அந்தப் பேண்டு அன்று அவர் உயிரைக் காத்தது.

நாளை நீங்கள் கேட்க வேண்டியவை இவை. கொலோனோஸ்கோபியின்போது மலக்குடலைத் தனியாகக் கவனித்து, சிரை தெரிகிறதா என்று குறிப்பிடச் சொல்லுங்கள். ரத்தம் நிறைய இழந்து சிரைகள் சுருங்கியிருக்கும் நேரத்தில் அவை கண்ணுக்குப் படாமல் போவதும் உண்டு. சிடி ஸ்கேனைச் சாயம் செலுத்தி, போர்ட்டல் சிரை நிரம்பும் கட்டத்தையும் சேர்த்து எடுக்கிறார்களா என்று கேளுங்கள். புடைத்த சிரை எங்கிருந்து ரத்தம் பெறுகிறது, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்ற வரைபடம் அதில்தான் கிடைக்கும். போர்ட்டல் சிரையில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்பதையும் அதே ஸ்கேன் சொல்லும். நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென அழுத்தம் கூடி ரத்தம் வந்தால், அந்த அடைப்பையும், அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடிய கல்லீரல் புற்றுநோயையும் தேடாமல் விடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் எடுத்து வந்தீர்களா என்பதை அடுத்த முறை எழுதுங்கள்.

இரண்டு பக்கமும் பார்த்தும் இடம் அகப்படவில்லை என்றால், நடுவில் உள்ள சிறுகுடல் மிச்சம் இருக்கிறது. அதற்கு விழுங்கும் கேப்சூல் கேமரா உண்டு. அதுவரை போகத் தேவையிருக்காது என்றே நினைக்கிறேன்.

பதில் 2: வியாசர்பாடி ஆசிரியை

சகோதரி, உங்கள் அப்பாவுக்கு நடந்தது வேகமான ரத்தப்போக்கு. என் கணவருக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. ஆனாலும் இதுவும் கல்லீரல் சுருக்கத்தில் எளிதில் அகப்படாத ரத்தக்கசிவுதான் என்பதால், பின்னர் இதைத் தேடி வரும் வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

அவர் ரத்த வாந்தி எடுத்ததே இல்லை. மலத்திலும் சிவப்பாக எதுவும் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், முகம் வெளிறிப்போகும், பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 6 அல்லது 6.5 என்று வரும். ரத்தம் ஏற்றுவார்கள், ஒரு மாதம் நன்றாக இருப்பார், மீண்டும் இறங்கிவிடும். மலம் கறுப்பாகப் போவதை நாங்கள் கவனித்தோம். ஆனால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவதால் அப்படித்தான் இருக்கும் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான், இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும். ஆனால் ரத்தம் கலந்த மலம் தார் போலப் பளபளத்து ஒட்டிக்கொள்ளும், அதன் வாடையும் வேறு என்பதை எங்களுக்கு வெகுநாள் கழித்து ஒரு செவிலியர்தான் சொன்னார். அதற்குள் எட்டு மாதங்கள் போய்விட்டன.

அந்த எட்டு மாதங்களில் இரண்டு முறை எண்டோஸ்கோபி எடுத்தும், போர்ட்டல் அழுத்தத்தால் இரைப்பைச் சவ்வு சிவந்திருக்கிறது என்று எழுதி, ப்ராப்ரனலால் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மூன்றாவது முறை வேறொரு மருத்துவர் பார்த்தார். இரைப்பையின் மேல்பகுதியில் அல்ல, குடலுக்குள் திறக்கும் கீழ்ப்பகுதியில்தான் சிவப்பு இருக்கிறது, அதுவும் வாசலை நோக்கி வரிவரியாக ஓடுகிறது என்று திரையிலேயே எனக்குக் காட்டினார். தர்ப்பூசணிப் பழத்தின் தோலில் இருக்கும் கோடுகளைப் போல இருப்பதால் இதைத் தர்ப்பூசணி வயிறு என்று மருத்துவர்கள் அழைக்கிறார்களாம். 'கேவ்' என்பது அதன் சுருக்கப் பெயர். சவ்வில் உள்ள நுண்ணிய ரத்தநாளங்கள் விரிந்து, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையால் இது கட்டுப்படாது என்று அவர் சொன்னபோதுதான், மருந்தைக் கூட்டக் கூட்ட அவருக்குத் தலைச்சுற்றல் மட்டும் ஏன் கூடியது என்று புரிந்தது.

ஆர்கான் வாயுவைச் செலுத்தி மின்பொறியால் அந்தக் கோடுகளைச் சுட்டார்கள். ஒரே தடவையில் முடியவில்லை. சில வார இடைவெளியில் நான்கு தவணைகள் தேவைப்பட்டன. இப்போது பதினோரு மாதங்களாக ரத்தம் ஏற்றவில்லை. கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.4. அவர் காலையில் பேசின் பாலம் வரை நடந்துவிட்டு வருகிறார்.

மருத்துவர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த இரண்டு நிலைகளையும் குழப்பிக்கொள்வது அவ்வளவு எளிதா, அல்லது எங்களுக்கு மட்டும்தான் அப்படி ஆயிற்றா?

பதில் 3: குடல்நோய் மருத்துவர், வடசென்னை

எளிதுதான், அம்மா. உங்கள் கணவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. போர்ட்டல் அழுத்தத்தால் வரும் இரைப்பைப் பாதிப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேல்பாதியில், பாம்புத்தோல் போன்ற சிறுசிறு கட்டங்களாகத் தெரியும். கேவ் பெரும்பாலும் கீழ்ப்பாதியில் இருக்கும். கோடுகளாக ஓடும்போது அடையாளம் காண்பது எளிது. புள்ளி புள்ளியாகப் பரவியிருக்கும்போது அனுபவமுள்ளவரும் தடுமாறுவார். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் புள்ளி வடிவமே அதிகம் காணப்படுகிறது. ஐயம் தீராவிட்டால் சிறு சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கலாம். வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை நீங்களே அனுபவித்துச் சொல்லிவிட்டீர்கள்: முதலாவதுக்கு அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையே சிகிச்சை, இரண்டாவதுக்கு அந்த மாத்திரையால் பயனில்லை. போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கக் கல்லீரலுக்குள் வைக்கும் டிப்ஸ் குழாயும் கேவுக்கு உதவாது. சுட்டும் நிற்காதபோது, அந்த இடத்திலேயே பேண்டு போடும் முறையும் இப்போது நல்ல பலன் தருகிறது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வாந்தியிலும் மலத்திலும் ரத்தமே தெரியாமல் ஒருவர் ரத்தம் இழப்பதும் கல்லீரல் சுருக்கத்தில் நடக்கும். வயிற்றறைக்குள்ளேயே ஒரு சிரையோ கல்லீரல் கட்டியோ வெடித்தால், திடீரென வயிறு வலித்து, வயிறு பெருத்து, ரத்த அழுத்தம் இறங்கும். வயிற்றில் நீர் கோத்திருப்பவருக்கு அது நீர் கூடியதாகவே தோன்றும். ஊசி போட்டு எடுத்த நீர் சிவந்திருந்தால்தான் உண்மை தெரியவரும். இது மிக அரிது. எனினும் கல்லீரல் சுருக்கம் உள்ளவர் திடீர் வயிற்று வலியோடு வெளிறிப்போனால், வாயுத்தொல்லை என்று சோடா கொடுத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பதில் 4: திருவொற்றியூர் செவிலியர்

தங்கை, உங்கள் மூன்றாவது கேள்விக்கு யாரும் இன்னும் பதில் எழுதவில்லை. நான் பதினான்கு ஆண்டுகளாக ரத்தக்கசிவு நோயாளிகள் உள்ள வார்டில் பணிபுரிகிறேன். உறவினர்களுக்கும் எங்களுக்கும் இடையே அதிகமாக மனவருத்தம் உண்டாவது இந்த ஒரே விஷயத்தில்தான். ரத்தம் தர ஆட்களைத் திரட்டிக்கொண்டு காசிமேட்டிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். நாங்கள் போதும் என்போம். நோயாளியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று அவர்கள் நினைப்பார்கள். அவர்கள் அன்பில் குறையே இல்லை. ஆனால் கல்லீரல் சுருக்கத்தில் ரத்தம் அதிகம் ஏற்றுவது தீங்கு.

நீங்கள் மேலே படித்த வெள்ளத்தையே நினைத்துப் பாருங்கள். வாசல் அடைபட்டிருக்கும்போது மேலும் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? ரத்தம் கூடக் கூட போர்ட்டல் சிரையின் அழுத்தம் ஏறும்; சற்றுமுன் அடைத்துக்கொண்ட சிரை மீண்டும் திறந்துகொள்ளும். அதனால் ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் ஏற்றி, 7க்கும் 8க்கும் இடையில் நிறுத்திவைப்பதே முறை. இதய நோய் உள்ளவர்களுக்கும் ரத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த அளவு மாறும். பார்சிலோனாவில் 921 நோயாளிகளை வைத்து நடந்து, 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதைத் தெளிவாக நிறுவியது. 7 வரை பொறுத்து ஏற்றப்பட்டவர்களில் 100க்கு 95 பேர் ஆறு வாரம் கடந்து உயிரோடு இருந்தார்கள். 9க்குக் கீழ் இறங்கியவுடனே ஏற்றப்பட்டவர்களில் 91 பேர் இருந்தார்கள். வயிற்றுப் புண் முதலிய பிற காரணங்களால் ரத்தம் இழந்தவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களிலும், நோய் மிக முற்றாதவர்களுக்கு இந்தப் பயன் தெரிந்தது. ஆகவே உங்கள் அப்பாவுக்கு 7.6 இருக்கும்போது ஏற்ற மறுப்பது கவனக்குறைவு அல்ல. ரத்தம் தர வந்தவர்களின் பெயரையும் வகையையும் குறித்துக் கொடுத்துவிட்டு, அழைத்தால் வரும்படி சொல்லி அனுப்புங்கள்.

பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றச் சொல்லியும் சிலர் வற்புறுத்துவார்கள். பரிசோதனைச் சீட்டில் ரத்தம் உறையும் நேரம் கூடுதலாக இருப்பதைப் பார்த்து அப்படிக் கேட்பார்கள். கல்லீரல் நோயில் உறைய வைக்கும் பொருட்களும் குறைகின்றன, உறையாமல் தடுக்கும் பொருட்களும் குறைகின்றன. அந்தச் சீட்டு ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது. பிளாஸ்மாவால் அளவு கூடி அழுத்தம் ஏறுமே தவிர, பெரும்பாலும் பயன் கிடைப்பதில்லை.

ரத்தம் எங்கிருந்து வந்தாலும் சில மருந்துகள் உடனே தொடங்கியிருக்க வேண்டும். போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு ஊசி ஒன்று. செஃப்ட்ரியாக்சோன் போன்ற கிருமிக்கொல்லி மற்றொன்று. காய்ச்சல் இல்லாதவருக்குக் கிருமிக்கொல்லி எதற்கு என்று கேட்காதீர்கள். ரத்தக்கசிவு நேரத்தில் குடலின் கிருமிகள் ரத்தத்தில் கலந்து, அதுவே பல நோயாளிகளின் உயிரை எடுக்கிறது. கார்வெடிலாலை ரத்த அழுத்தம் குறைந்திருக்கும் இந்த நாட்களில் நிறுத்தி வைத்திருப்பார்கள். மீண்டும் எப்போது தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் இருக்கும் பழைய அட்டையிலிருந்து நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

அப்பா பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா, பேச்சு குழறுகிறதா, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடக்கிறதா என்று பாருங்கள். குடலில் தங்கிய ரத்தம் செரிக்கும்போது அம்மோனியா உண்டாகி மூளையைக் கலங்கச் செய்யும். லாக்டுலோஸ் சிரப் தருவது அதற்காகத்தான். நாளுக்கு இரண்டு, மூன்று முறை இளகிய மலம் போக வேண்டும். அதைவிடக் குறைந்தாலும் மிகவும் கூடினாலும் சொல்லுங்கள். உடம்பு அசதிக்கு என்று மருந்துக்கடையில் வலிமாத்திரை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம் பகுதியில் மிகுதி. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஏசெக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்புக்கு முதுகு வலி இருக்கத்தான் செய்யும். அவர் உங்களுக்குத் தெரியாமல் வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் 5: தண்டையார்பேட்டை மகள்

உங்கள் ஒவ்வொருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான்கு நாட்களாக மருத்துவமனையிலேயே இருந்ததால் தாமதமாக எழுதுகிறேன்.

மருத்துவர் ஐயா சொன்னதுதான் நடந்திருக்கிறது. முதல் கொலோனோஸ்கோபியில் ரத்தம் தேங்கியிருந்ததால் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. குடலைச் சுத்தம் செய்து மறுநாள் பார்த்தபோது, மலக்குடலில் மூன்று பெரிய சிரைகள் புடைத்திருப்பதும், அவற்றில் ஒன்றின் மேல் ரத்தம் வந்த சிறு வடு இருப்பதும் தெரிந்தன. சாயம் செலுத்தி எடுத்த சிடி ஸ்கேனில், குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து மேலே வர வேண்டிய ரத்தம் திசைமாறிக் கீழ்நோக்கி ஓடி அந்தச் சிரைகளை நிரப்புகிறது என்று எழுதியிருக்கிறார்கள். போர்ட்டல் சிரையில் அடைப்பு இல்லை. கல்லீரலில் கட்டியும் இல்லை. அல்ட்ராசவுண்ட் ஓராண்டாக எடுக்காமல் விட்டது எங்கள் தவறுதான், இனி விடமாட்டோம்.

அந்தச் சிரைக்குள் பசை ஊசி போட்டு அடைத்திருக்கிறார்கள். மூன்று நாட்களாக ரத்தம் இல்லை. ஹீமோகுளோபின் 7.9. செவிலியர் அக்கா கேட்கச் சொன்னதைக் கேட்டேன். முதுகு வலிக்கு வாரத்தில் இரண்டு, மூன்று நாட்கள் வலிமாத்திரை எடுத்துக்கொண்டிருந்ததாக அப்பா ஒப்புக்கொண்டார். என்னிடம் சொன்னால் நான் கவலைப்படுவேன் என்று மறைத்திருக்கிறார். அவர் மீது கோபிக்க என்னால் முடியவில்லை.

மீண்டும் ரத்தம் வராமல் இருக்க டிப்ஸ் செய்யலாமா என்று மருத்துவக் குழு ஆலோசிக்கிறது. இதயத்தைச் சோதிக்க எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். டிப்ஸ் வைத்தால் நினைவு தடுமாறும் என்று பக்கத்துப் படுக்கை நோயாளியின் மகன் சொன்னார். அது உண்மையா? பசை ஊசியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

பதில் 6: குடல்நோய் மருத்துவர், வடசென்னை

இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதே பெரிய நிம்மதி, அம்மா.

பசை ஊசி உடைந்த சிரையை அடைக்கும், அழுத்தத்தைக் குறைக்காது. எனவே பக்கத்துச் சிரை மீண்டும் உடையும் வாய்ப்பு இருக்கிறது. டிப்ஸ் என்பது கழுத்துச் சிரை வழியாகக் கம்பி செலுத்தி, கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரையையும் கல்லீரல் சிரையையும் ஓர் உறையிட்ட குழாயால் இணைப்பது. வெள்ளத்துக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதைப் போன்றது. இந்த இரு சிரைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 12 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் உணவுக்குழாய்ச் சிரைகள் பெரும்பாலும் உடைவதில்லை. ஆனால் இடம் மாறிய சிரைகள் அழுத்தம் இறங்கிய பிறகும் சில சமயம் உடைகின்றன. ஆகவே டிப்ஸ் வைக்கும்போதே அந்தச் சிரையையும் சேர்த்து அடைத்துவிடுவார்களா என்று கேளுங்கள்.

பக்கத்துப் படுக்கையில் சொன்னது பொய்யல்ல. குடலின் ரத்தம் கல்லீரலில் சுத்தமாகாமல் நேராக உடலுக்குள் போவதால், டிப்ஸ் வைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் குழப்பநிலை வருகிறது. பெரும்பாலானோருக்கு அது லாக்டுலோஸ், ரிஃபாக்சிமின் மருந்துகளால் கட்டுப்படுகிறது. மிகச் சிலருக்குக் குழாயின் அகலத்தைக் குறைக்க நேரிடும். வயது கூடியவர், ஏற்கெனவே குழப்பநிலை வந்தவர், பிலிருபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் ரத்த அளவு) மிக உயர்ந்தவர், இதயம் பலவீனமானவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். எக்கோ கேட்டிருப்பது அதனால்தான். கூடுதலாகத் திரும்பும் ரத்தத்தை இதயம் தாங்க வேண்டும். உங்கள் தந்தைக்கு இதுவரை குழப்பநிலை வந்ததில்லை என்றால் அது சாதகமான செய்தி. எக்கோ சரியாக வராவிட்டால், சிரை ரத்தத்தை வடித்துச் செல்லும் பாதை வழியாகப் போய் அடைக்கும் வேறு முறைகளும் உண்டு. அவர் உடலமைப்புக்கு அது பொருந்துமா என்பதை அந்த ஸ்கேனைப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பெயர் பதிவு செய்வது பற்றியும் இப்போதே பேசத் தொடங்குங்கள். நம் வடசென்னையிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அந்தச் சிகிச்சை நடக்கிறது. தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தெந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதில் 7: திருவொற்றியூர் செவிலியர்

தங்கை, வீட்டுக்குப் போகும் நாளில் மறக்கக் கூடாத இரண்டு விஷயங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மலக்குடல் வேரிசஸ் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, அதைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தாலும், மீண்டும் மூலம் என்று முதலிலிருந்து தொடங்காமல் இருக்க அதுவே உதவும். இன்னொன்று, முக்கி மலம் கழிக்க விடாதீர்கள். எனிமா கொடுக்க வேண்டுமென்று யாராவது சொன்னால், இந்தச் சீட்டைக் காட்டிய பிறகே சம்மதியுங்கள்.

பதில் 8: தண்டையார்பேட்டை மகள்

எக்கோ சரியாக இருப்பதாக இன்று மாலை சொன்னார்கள். வியாழக்கிழமை டிப்ஸ் செய்கிறார்கள். சிரையையும் சேர்த்தே அடைப்பதாக மருத்துவர் தாமாகவே சொன்னார். சீட்டில் மலக்குடல் வேரிசஸ் என்று எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கிவிட்டேன். அப்பா இன்று கஞ்சி குடித்தார். முதுகு வலிக்கு என்ன செய்வது என்று கேட்கிறார். பாராசிட்டமால் குறைந்த அளவில் தரலாம் என்று வார்டில் சொல்லி, நாளுக்கு எத்தனை என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.